வேலிப் பிரண்டையைக் கைவிடலாகாது

பயிர் என்று பெயர் பெறாமலும், விதைக் காசு கேளாமலும், கிணற்று நீரில் பங்கு வேண்டாமலும் குடியானவர் வீட்டிற்குத் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வரும் செடிகொடிகள் சில உண்டு. அவற்றுள் முன்னே வைத்து எண்ணத்தக்கது பிரண்டை. சித்திரை வெயிலில் காட்டுப் புல்லெல்லாம் கருகி, மாட்டிற்கு வைக்கோலும் அருகிப்போன காலத்தில், வேலியின்மேல் பச்சைச் சங்கிலி கோத்தாற்போல் படர்ந்து கிடப்பது இக்கொடியே. ஆயினும் இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பது உலக வழக்கம். ஆதலின் இதனை நட்டு வளர்க்கவேண்டும் என்னும் எண்ணமே அநேகருக்கு உண்டாவதில்லை. வேலி உள்ளவரை பிரண்டை இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த வேலியே இப்பொழுது ஊருக்கு ஊர் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் கவனிக்கவேண்டிய விஷயம்.

நிலமுள்ள ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வேலியிலோ, வேலி இல்லாதார் தம் கொல்லையிலோ, பிரண்டையைத் தம் கையாலேயே நட்டு வளர்க்கவேண்டும். கிராம அதிகாரிகள் பொது நிலங்களில் உள்ளதை அழியாமற் காக்கவேண்டும். இதுவே இங்கு வற்புறுத்தப்படும் கருத்து. இதற்குரிய காரணங்களும், எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபணைகளும், நடும் முறையும் முறையே கீழே கூறப்படுகின்றன.

கொடியின் இயல்பு

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர சாஸ்திரியான லின்னேயஸ் 1767ஆம் ஆண்டில் இதற்குச் சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ் என்று பெயரிட்டார். நான்கு பட்டையுள்ளது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். வடமொழியாளர் இதனை வச்சிரவல்லி என்பர். தண்டு சதைப்பற்றுள்ளதாய், நான்கு விளிம்புகளுடன், கணுவுக்குக் கணு இறுகிக் காணப்படும். கணுவில் ஒரு புறம் இலையும், அதற்கு எதிர்ப்புறம் பற்றுக்கம்பியும் தோன்றும். இலைகள் மழைக் காலத்தில் தளிர்த்து, வறட்சி கண்டவுடன் உதிர்ந்துவிடும். பூக்கள் மிகச் சிறியவை. பழம் சிவந்து உருண்டு, மிளகினும் சற்றுப் பெரிதாயிருக்கும். பட்டையின் அமைப்பைக் கொண்டு சதுரப் பிரண்டை, உருட்டுப் பிரண்டை, முப்பிரண்டை என்று வைத்தியர்கள் பிரித்துக் கூறுவர். வீட்டு உபயோகத்திற்கு எங்கும் கிடைக்கும் சதுரப் பிரண்டையே போதுமானது.

புதிதாகச் சேகரிப்போர் ஒன்றை முக்கியமாக அறிந்திருத்தல் வேண்டும். பிரண்டை படரும் அதே வேலியில் சதுரக்கள்ளியும் நிற்பதுண்டு. அதன் தண்டும் பட்டையுள்ளதே. ஆனால் கள்ளியை ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணிற்பட்டால் பெருந்தீங்கு விளையும். பிரண்டையை ஒடித்தால் பால் வருவதில்லை. தெளிந்த நீர்தான் கசியும். கள்ளிக்கு முள் உண்டு, பற்றுக்கம்பி இல்லை. பிரண்டைக்குப் பற்றுக்கம்பி உண்டு, முள் இல்லை. இவ்விரண்டு குறிகளையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

வறட்சியைத் தாங்கும் விதம்

மற்றப் பயிர்களுள் பெரும்பாலானவை பகலில் இலைத் துவாரங்களைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அங்ஙனம் திறந்திருக்கும்போதே உள்ளிருக்கும் நீரும் ஆவியாய்ப் போய்விடுகிறது. கோடையில் பயிர் வாடுவதற்கு இதுவே காரணம். பிரண்டையின் தண்டோ பகலில் துவாரங்களை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து, வாயுவைப் புளிப்புப் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. மறுநாள் வெயிலில், துவாரங்கள் மூடியிருக்கும்போதே, அச்சேமிப்பைக் கொண்டு தனக்கு வேண்டிய உணவை ஆக்கிக்கொள்கிறது. நீர் ஓடியாடிச் செலவாகும் வேளையில் கதவைச் சாத்திக்கொள்ளும் இந்தச் சிக்கனமே அதன் பலம். இலைகள் மட்டும் மற்றப் பயிர்களைப்போலவே பகலில் வேலை செய்வன. ஆதலின் வறட்சி வந்ததும் அவற்றைக் கொடி உதிர்த்துவிடுகிறது.

இவ்விதத் தாவர ரகசியம் முதன்முதலில் நுட்பமாகக் கவனிக்கப்பட்டவற்றுள் ஒன்று இந்நாட்டிலேயே நிகழ்ந்தது என்பது அறியத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் தாவர சாஸ்திரியாக இருந்த பெஞ்சமின் ஹெய்னே என்பவர், ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும் இருப்பதை வாயிலிட்டுச் சுவைத்தறிந்து எழுதினார். அக்கடிதம் 1815இல் அச்சாயிற்று. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அதே குணத்தைப் பிரண்டைத் தண்டிலும் கண்டனர்.

வறட்சி எப்போதோ வரும் விருந்தாளி அல்ல என்பதை இந்நாட்டுக் குடியானவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டிலும் காயாமல் நின்று கைகொடுக்கவல்ல கொடியை வீட்டருகே வைத்திருப்பது முன்யோசனையேயன்றி வேறல்ல.

பிற நாட்டுச் செடிகள் கற்பித்த பாடம்

வறட்சியைத் தாங்கும் குணம் ஒன்றை மட்டுமே பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பதும் ஆபத்தே. இதற்குச் சப்பாத்திக்கள்ளியே சாட்சி. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அக்கள்ளியினங்கள், கொச்சினீல் என்னும் சாயப்பூச்சியை வளர்ப்பதற்கென்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியார் காலத்தில் இங்கு பரப்பப்பட்டன. சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கென ஒரு தோட்டமே வைத்து நடத்தினார். 1795இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட பூச்சி நல்ல சாயம் தரும் இனமாக அமையவில்லை. சாயத் தொழில் ஓங்காமற் போயிற்று; கள்ளி மட்டும் ஓங்கிற்று. மேய்ச்சல் நிலமும் ஊர்ப் பொது நிலமும் அதனால் மூடுண்டன. தென்னாட்டில் அக்கொடுமை தணிந்தது 1926இல் இலங்கை வழியாக மற்றொரு கொச்சினீல் பூச்சி கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே.

1877இல் இந்நாட்டிற்கு வந்த சீமைக் கருவேலின் கதை அதனினும் பெரிது. அதுவும் வறட்சியைத் தாங்கும், விறகு தரும், வேலியாகும் என்று புகழப்பட்டே பரப்பப்பட்டது. இன்று கண்மாய்களையும் ஓடைக் கரைகளையும் அதன் பிடியிலிருந்து மீட்பதற்கு ஆகும் செலவும் உழைப்பும் ஊரார் யாவரும் அறிந்தவையே.

பிரண்டை இம்மண்ணுக்குப் புதிதன்று. அதன் பழத்தை இங்குள்ள பறவைகள் அறியும். அதன் குணத்தை இங்குள்ள வைத்தியர் அறிவர். அதன் சமையலை இங்குள்ள பெண்டிர் அறிவர். நெடுங்காலமாக இங்கேயே இருந்தும் அது எந்தக் கண்மாயையும் மூடியதில்லை. எந்த மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியதில்லை. புதுச் செடிக்கு ஆசைப்பட்டு நர்சரி நர்சரியாக அலைவோர், வேலியோரத்தில் உள்ளதை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நன்று.

உயிர்வேலியின் அழிவு

பிரண்டைக்கு ஆதாரம் உயிர்வேலி. கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் கொறங்காடுகளை இதற்கு நல்ல மாதிரியாகக் கூறலாம். நடுவே கொழுக்கட்டைப் புல்லும், ஆங்காங்கே வெள்வேல மரமும், சுற்றிலும் முட்கிளுவை வேலியும் அமைந்த அந்த மேய்ச்சற் காடுகளே காங்கேயம் மாட்டினத்தைப் போஷித்து வந்தன. கிளுவைப் போத்துகளை வரிசையாக ஊன்றி, அவை தழைத்தபின் ஒன்றோடொன்று பின்னிவிட்டால், ஆடும் நுழையாத அரண் ஏற்பட்டுவிடும். அவ்வரணின்மேல் பிரண்டை, கோவை, முடக்கற்றான், வேலிப்பருத்தி முதலிய கொடிகள் தாமே ஏறிப் படரும். அவற்றுக்கென்று எவரும் ஒரு குடம் தண்ணீர் விட்டதில்லை.

இத்தகைய வேலிகளை இப்பொழுது இயந்திரத்தால் ஒரே நாளில் பெயர்த்தெறிந்து, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டும் வழக்கம் பெருகிவருகிறது. நிலம் துண்டுபடுவதும், ஆள் கூலி ஏறியதும், வீட்டுமனைகள் பெருகியதும் இதற்குக் காரணங்கள். வேலியை அகற்றுவோர் அறியாமையால் அகற்றுகிறார்கள் என்று கூறிவிடுவது நியாயமாகாது. அவர்கள் சொல்லும் ஆட்சேபணைகளில் உண்மையும் உண்டு. ஆகையால் அவற்றைத் தனித்தனியே ஆராய்வது முறை.

முதல் ஆட்சேபணை, வேலி நிலத்தைத் தின்கிறது என்பது. இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. வேலி 3 அடி அகலமுள்ளதாய் முழுவதும் தம் நிலத்திற்குள்ளேயே இருந்தால், சுமார் 2,500 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 5¾ சென்ட் போய்விடும். ஒரே ஏக்கர் உடையவருக்கு இது சிறு நஷ்டமன்று. ஆனால் சதுரமான 5 ஏக்கருக்கு இக்கணக்கு 13 சென்டுக்குள் அடங்கும். அதாவது நூற்றுக்கு இரண்டரைக்குச் சற்று மேல். பக்கத்து நிலத்தாரும் இசைந்து எல்லையின் இருபுறமும் பாதிப் பாதியாக விட்டுக்கொண்டால், இதிலும் பாதியே தம் பங்கில் குறையும். அக்குறைவுக்கு ஈடாக ஆட்டுக்குத் தழையும், வீட்டிற்கு விறகும், அனல்காற்றுக்குத் தடுப்பும், வெள்ளத்தில் மண் கரையாமல் ஒரு தாங்கலும் கிடைக்கின்றன. கம்பி வேலியிலிருந்து இவற்றுள் ஒன்றும் கிடைப்பதில்லை. கம்பி துருப்பிடிக்கும், திருட்டும் போகும்.

இரண்டாவது ஆட்சேபணை, வேலியில் எலியும் பாம்பும் மயிலும் அடைகின்றன என்பது. புதர்போற் பெருகவிட்ட வேலியில் இது உண்மையே. ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் கழித்துவிட்டு, அடியில் சேரும் குப்பையை நீக்கி, இடையில் முளைக்கும் சீமைக் கருவேலை வேரோடு களைந்து வந்தால் வேலி வேலியாகவே இருக்கும். மேலும் வேலியில் வாழும் ஓணான், கரிச்சான், தவிட்டுக்குருவி முதலியன பயிரைத் தின்னும் புழுப்பூச்சிகளைத் தின்று குடியானவருக்குக் கூலியில்லா ஆட்களாக உழைக்கின்றன. வேலிக்கு ஓணான் சாட்சி என்று கேலியாகச் சொல்வதுண்டு. அச்சாட்சியின் சேவையையும் கணக்கில் எழுத வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபணை, வேலி வளைந்து வளைந்து எல்லைத் தகராற்றை உண்டாக்குகிறது என்பது. இது வேலியின் குற்றமன்று. எல்லைக்கல்லைக் காணாமல் வேலி வைத்தவரின் குற்றம். இதற்குரிய பரிகாரம் பின்னே கூறப்படும்.

வேலியை முற்றும் வைத்துக்கொள்ள இயலாதவர், ஒரு பக்கத்தையேனும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாதவர், கட்டிய கம்பி வேலியின்மேலேயே பிரண்டையை ஏற்றிவிடலாம். கம்பிக்கும் கொடிக்கும் பகையில்லை. பிரண்டைக்கு வேண்டியது பற்றிக்கொள்ள ஓர் ஆதாரமே.

நடும் முறை

பிரண்டை நடுவதற்கு விதை தேடவேண்டியதில்லை. முற்றிய கொடியில் மூன்று கணுவுள்ள துண்டுகளை ஒடித்தெடுத்து, நிழலில் மூன்று நான்கு நாள் உலர வைக்கவேண்டும். வெட்டுவாய் காய்ந்து மூடிய பிறகே நடவேண்டும். பச்சை வெட்டுடன் ஈர மண்ணில் ஊன்றினால் அழுகிப்போகும். அடிக்கணு மண்ணுக்குள்ளும், மற்ற இரு கணுக்கள் வெளியிலும் இருக்குமாறு ஊன்றுதல் முறை. துண்டைத் தலைகீழாக ஊன்றாமல், கொடியிலிருந்தபடியே அடிப்பாகம் கீழாக இருக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் மழை பெறும் மேற்கு மாவட்டங்களில் ஆனி, ஆடி மாதங்களிலும், மற்ற மாவட்டங்களில் புரட்டாசியிலும் நடுவது சிலாக்கியம். செம்மண், சரளை, கரிசல் எதுவாயினும் சரி. நீர் தேங்காதிருத்தல் ஒன்றே நிபந்தனை. கரிசல் நிலத்தில் சற்று மேடாக மண் அணைத்து நடவேண்டும். மழை தவறினால், வேர் பிடிக்கும்வரை பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சிறிது நீர் விட்டால் போதும். அதன்பின் பாய்ச்சல் வேண்டியதில்லை. உரமும் தனியே இடவேண்டியதில்லை. நடும் குழியில் இரண்டு கை மக்கிய எரு இட்டால் முதல் ஆண்டிலேயே நன்றாகப் படரும்.

ஒரு குடும்பத்தின் தேவைக்கு நான்கைந்து கொடிகள் தாராளம். ஏக்கர் நிலத்தின் ஒரு பக்க வேலிக்கு, பத்தடிக்கு ஒன்றாக, இருபது துண்டுகள் போதும். கொல்லையில் வைப்போர் சுவரோரத்திலோ, பழைய பந்தற்காலிலோ, மண்தொட்டியிலோ வைக்கலாம். இளம் பழமரங்களின்மேல் மட்டும் ஏறவிடலாகாது. பிரண்டை மரத்தை உறிஞ்சும் புல்லுருவி அன்றாயினும், பாரத்தால் இளங்கிளைகளை வளைத்து, நிழலால் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். வேலியிலும் ஆண்டுதோறும் கழித்துவிடுவது அவசியம். கழித்த துண்டுகளை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தால் அவர்கள் வேலியும் நிரம்பும்.

பறிக்கும்போது நுனியிலிருந்து இரண்டு மூன்று இளங்கணுக்களை மட்டும் ஒடித்துக்கொள்ள வேண்டும். ஒடித்த இடத்தின் கீழ்க்கணுவிலிருந்து புதுக்கிளை வரும். வேரோடு இழுப்பது தாய்க்கொடியை ஒழிப்பதாகும்.

வீட்டிலும் தொழுவத்திலும்

பிரண்டைத் துவையலின் அருமையை உண்டவர் அறிவர். பசிமந்தத்திற்கும் வாயுவுக்கும் இது ஏற்றதென்பது நாட்டு வைத்தியரின் முடிபு. சிரார்த்தச் சமையலில் இதற்கு இடமளித்திருப்பதும், அப்பள மாவில் பிரண்டைச் சாற்றைச் சேர்த்து வந்ததும் முன்னோர் இதனை எவ்வளவு மதித்தனர் என்பதைக் காட்டும். வடகமாக இட்டு உலர்த்தி வைத்தால் ஆண்டு முழுவதும் உதவும்.

ஆனால் பக்குவம் அறியாமல் தொடலாகாது. பிரண்டையில் ஊசிபோன்ற நுண்ணிய சுண்ணாம்பு ஆக்ஸலேட் மணிகள் உள்ளன. கையிலும் தொண்டையிலும் அரிப்பு உண்டாவது அவற்றால்தான். பிள்ளை தவறு செய்தால் பெற்ற வயிற்றில் பிரண்டையை வைத்துக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று தாய்மார் நொந்து சொல்வதும் இவ்வரிப்பை நினைத்தே. ஆகையால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, விளிம்பு நாரை உரித்து நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறம் மாறும்வரை எண்ணெயில் நன்கு வதக்கி, புளி சேர்த்தே அரைக்கவேண்டும். மூத்திரப்பையிலோ சிறுநீரகத்திலோ கல் உடையவர் இதனை விலக்குவது நலம்.

எலும்பு முறிவுக்குப் பிரண்டையை அரைத்துக் கட்டும் வழக்கம் தொன்றுதொட்டது. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடுப்பா, பிரசாத் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து, முறிந்த எலும்பு கூடுவதற்கு இது துணைசெய்கிறது என்று கட்டுரைகள் வெளியிட்டனர். எனினும் துணை என்பதைத் தலைமையாகக் கொள்ளலாகாது. எலும்பு முறிந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குச் சென்று எலும்பை நேரே பொருத்திக்கொள்ளவேண்டும். கோணலாய்ச் சேர்ந்த எலும்பைப் பிரண்டை நிமிர்த்தாது.

கறவை மாடு வைத்திருப்போருக்கு இதனினும் முக்கியமான பயன் ஒன்று உண்டு. பலமுறை சினையூசி போட்டும் சினை நிற்காத பசுக்களுக்கு, தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிஞர் வகுத்து, தேசியப் பால்வள வாரியமும் பரப்பிவரும் மூலிகை முறையில் பிரண்டை சேர்ந்துள்ளது. சினைப்பருவம் கண்ட முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ தொடங்கி, நாளுக்கு ஒரு வெள்ளை முள்ளங்கியாக 5 நாள். பின்னர் சோற்றுக்கற்றாழை மடல் ஒன்றாக 4 நாள். முருங்கையிலை நான்கு கைப்பிடியாக 4 நாள். பிரண்டைத் தண்டு நான்கு கைப்பிடியாக 4 நாள். கறிவேப்பிலை நான்கு கைப்பிடி மஞ்சளுடன் 4 நாள். ஒவ்வொன்றையும் வெல்லமும் உப்பும் சேர்த்து, நாளுக்கு ஒரு வேளை, பச்சையாகவே கொடுக்கவேண்டும். ஆக 21 நாள். பசுவின் பருவச் சுற்றும் அதுவே. கருப்பையில் நோய் இருந்தால் இது போதாது; கால்நடை மருத்துவரிடம் முன்னரே காட்டித் தெரிந்துகொள்வது நன்று. நான்கு நாளைக்குப் பதினாறு கைப்பிடி பிரண்டை வேண்டும். அவசரத்தில் அதைத் தேடிப் போகும் இடம் எது? சொந்த வேலியில் இருப்பவருக்கே அது எளிது.

பணப்பயிர் ஆகுமா?

பிரண்டைக்குச் சந்தையில் இப்பொழுது கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. நகரங்களில் தொக்கு, பொடி, வடகம் என்று விற்கிறார்கள். மருந்து செய்வோரும் வாங்குகிறார்கள். இதனைக் கேட்டு ஏக்கர் கணக்கில் பிரண்டை பயிரிடலாமா என்று கருதுவோர் சற்று நிதானித்தல் வேண்டும். கொடுக்கும் துண்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, விளைந்ததைத் தாமே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவரும் ஆட்கள் எந்தப் பயிருக்கும் முளைப்பார்கள். ஈமுக் கோழி வளர்ப்பில் இவ்விதமே பணம் போட்டு, 2012ஆம் ஆண்டில் கொங்கு மாவட்டங்களில் அநேக குடும்பங்கள் நஷ்டமடைந்ததை மறக்கலாகாது. ஊர் முழுவதும் வேலியில் இலவசமாக வளரும் பொருளுக்கு நஞ்சை விலை கொடுத்து இடம் ஒதுக்குவது கணக்குக்கு ஒவ்வாது.

வேலியில் மிஞ்சுவதைக் கட்டுக் கட்டி உழவர் சந்தைக்கு அனுப்பலாம். வீட்டுப் பெண்டிர் வடகமாக்கி விற்கலாம். நிலச் செலவும் நீர்ச் செலவும் இல்லாத வருமானம் சிறிதாயினும் முழுவதும் இலாபமே. அந்த அளவில் நிற்பதே விவேகம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கன

கிராக்கி ஏற்பட்டதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. வேலிகள் குறைந்துவரும் இக்காலத்தில், வெளியூர் வியாபாரிக்குச் சேகரித்துக் கொடுப்போர் புறம்போக்கிலும் ஓடைக்கரையிலும் உள்ள கொடிகளை வேரோடு உருவிச் செல்வதுண்டு. அவர்களைக் கள்வரைப்போல் விரட்டுவது தீர்வாகாது. நிலமற்ற பெண்கள் இரண்டு கட்டுப் பிரண்டை ஒடித்து விற்று அன்றைய உப்பு புளிக்கு வழி தேடுவது காலங்காலமாக உள்ள வழக்கம். அதற்கு இடையூறு செய்யலாகாது. நுனியை ஒடிக்கலாம், வேரை இழுக்கலாகாது என்னும் ஒரே விதியை ஊர்க்கூட்டத்தில் எடுத்துச் சொல்லி நிலைநாட்டினால் போதும்.

ஊராட்சித் தலைவர்கள் சுடுகாட்டு எல்லை, பள்ளிக்கூடச் சுற்று, குளத்து மேட்டின் வெளிப்புறம் முதலிய இடங்களில் கிளுவைப் போத்தும் பிரண்டைத் துண்டும் ஊன்றச் செய்யலாம். போத்தும் துண்டும் ஊரிலேயே கிடைப்பன; வாங்கும் செலவில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஊர்தோறும் எழுதி வைக்கவேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில், எந்தெந்த வேலியில் என்னென்ன கொடிகள் உள்ளன என்பதை முதியோரைக் கேட்டு எழுதி வைப்பதும் அவர்கள் கடமை. அப்பதிவேடு அலமாரியில் உறங்குவதற்காக ஏற்பட்டதன்று.

கிராம நிர்வாக அலுவலர்கள் எல்லைத் தகராறு குறித்துப் பெரிதும் உதவக்கூடும். வேலி வைக்க விரும்புவோர், நடுமுன்பே சர்வே கல்லைக் கண்டுபிடித்து, இரு நிலத்தாரும் நேரில் இருக்கும்போது நூல் பிடித்து, கல்லை விட்டு உள்ளே தள்ளியோ, இருவரும் ஒப்பிப் பொது எல்லையிலோ போத்து ஊன்றும்படி அறிவுறுத்தல் வேண்டும். தொடக்கத்தில் அரைநாள் செலவிட்டால், பின்னர் பல ஆண்டுகள் கச்சேரிக்கு நடக்கும் செலவு மிஞ்சும். பழைய வேலி எல்லையினின்று விலகியிருந்தால், வேலி முழுவதையும் பெயர்க்காமல், விலகிய பகுதியை மட்டும் திருத்திக்கொள்ளும்படி சமாதானம் செய்து வைப்பதும் அவர்களால் ஆகக்கூடியதே.

உயிர்வேலி ஒன்று முற்றித் தழைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதனைப் பெயர்க்க ஒரு பகற்பொழுது போதும். பெயர்த்த பின்னர் கிளுவையை மீண்டும் ஊன்றலாம். ஆனால் அவ்வேலியோடு போன கொடிகளை எங்கிருந்து கொண்டுவருவது என்று அப்பொழுது தேடுவதில் பயனில்லை. ஆகையால் வேலியை எடுத்தே தீரவேண்டும் என்று முடிவு செய்தவரும், இயந்திரம் வருமுன் நாலு முழம் பிரண்டையை அறுத்துக் கொல்லையில் ஊன்றிக்கொள்ளல் வேண்டும். வேலியை வைத்திருப்பவர் அதனை எடுக்குமுன் மேலே காட்டிய கணக்கை ஒரு தடவை தம் நிலத்திற்குப் போட்டுப் பார்க்கவேண்டும். இவ்வாண்டு மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் ஐந்து துண்டுப் பிரண்டை ஊன்றினால், இனி வரும் வறட்சியில் அவர்கள் சமையற்கட்டும் தொழுவமும் அதன் பயனைக் காணும்.